டோட்டோரோ எந்தக் காட்டில் இருக்கிறது? ஜப்பானிய அனிமேஷன் படங்களும் சுற்றுச்சூழலும்

குறிஞ்சித்தேன் எழுதியது:

ஜப்பானிய அனிமேஷன் படங்களைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் ஒரு வரி தவறாமல் இடம்பெற்றுவிடுகிறது: மனிதன் காட்டை அழிக்கிறான், காடு பழிவாங்குகிறது. ‘இளவரசி மோனோனோக்கே’ என்றாலும் அதே வரி, ‘நௌசிகா’ என்றாலும் அதே வரி. படத்தைப் பார்க்காமலே எழுதிவிடலாம் போலிருக்கிறது. அந்த வரியோடு எனக்கு நெடுநாள் பிணக்கு. அதற்காகவே இந்த இழை.

மோனோனோக்கேயில் காட்டை வெட்டுபவள் எபோஷி. விலைமாதர் விடுதிகளில் விற்கப்பட்ட பெண்களை மீட்டு வந்து வேலை கொடுத்தவள். தொழுநோயாளிகளின் அழுகிய புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டவள். அவளுடைய இரும்பாலையை விட்டால் அந்த மனிதர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. இரும்பு உருக்கக் கரி வேண்டும். கரிக்கு மரம் வேண்டும். படத்தை இயக்கிய மியாசாகி இந்தக் கணக்கை மறைக்கவே இல்லை.

அதைவிட முக்கியம் முடிவு. எபோஷி சுட்டுத் துண்டித்த தலை திரும்பக் கிடைத்ததும் காட்டின் மான்தெய்வம் சாய்கிறது, மலையெங்கும் பச்சை துளிர்க்கிறது. காடு மீண்டுவிட்டது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஓநாய்கள் வளர்த்த பெண்ணான சான் அங்கேயே மறுத்துவிடுகிறாள்: திரும்பி வந்தாலும் இது மான்தெய்வத்தின் காடு இல்லை என்கிறாள். வந்திருப்பது வெயில் விழும் புல்தரை, இளஞ்செடி, ஆள் நடமாடக்கூடிய சரிவு. இருட்டும் பாசியும் குடியிருந்த காடு போய்விட்டது.

அந்த வெளிச்சமான சரிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மியாசாகியின் இன்னொரு படம், 1988இல் வந்த ‘டோட்டோரோ’, நினைவுக்கு வருகிறது. அதில் வரும் குன்றும் அப்படிப்பட்டதுதான். விறகுக்கு வெட்டி, சருகை உரத்துக்கு வாரி, மறுபடி தழைக்க விட்ட ஊரோரக் காடு. ஜப்பானில் சதொயாமா என்பார்கள். மோனோனோக்கே முடிகிற இடத்தில் டோட்டோரோ தொடங்குகிறது என்றுகூடச் சொல்வேன். இந்தப் படங்கள் கைபடாத காட்டுக்காக அழுபவை இல்லை என்பது என் கட்சி. மனிதர் வெட்டி, நட்டு, கூடவே வாழ்ந்த காட்டைப் பற்றிப் பேசுகின்றன. மறுப்பவர்கள் வரலாம்.

மரநாய் எழுதியது:

முதல் பதிவிலேயே முடிவைப் போட்டு உடைத்துவிட்டீர்களே. வார இறுதியில் பார்க்கலாம் என்றிருந்த மனைவி இப்போது என்னை முறைக்கிறார்.

நெறியாளர் எழுதியது:

1997இல் வந்த படத்துக்கு அந்தப் புகார் ஏற்கப்படாது. தொடருங்கள்.

உலைக்களம் எழுதியது:

நான் வார்ப்படத் தொழிலில் இருப்பவன். காட்டைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும்; உலையைப் பற்றி நான் சொல்கிறேன்.

படத்தில் வரும் தத்தாரா, களிமண்ணால் கட்டிய தாழ்வான உலை. இரும்பு மணலையும் மரக்கரியையும் மாற்றி மாற்றிக் கொட்டி, துருத்தியால் காற்று ஊதி, மூன்று நாட்கள் இரவும் பகலும் அணையாமல் எரிப்பார்கள். கடைசியில் உலையையே உடைத்துத்தான் இரும்புக்கட்டியை எடுக்க முடியும். ஷிமானே மாகாணத்தின் ஒக்குயிசுமோவில் வாள் செய்வதற்கான எஃகுக்காக இன்றும் குளிர்காலத்தில் இது நடக்கிறது. ஒரு முறை உருக்க ஏறக்குறைய 10 டன் மணலும் 12 டன் கரியும் போகின்றன. கிடைப்பது சுமார் 2.5 டன். மணலைவிடக் கரி அதிகம் என்பதைக் கவனியுங்கள். எபோஷியின் பிரச்சினை முழுவதும் அந்த 12 டன்னுக்குள் இருக்கிறது.

மணலும் சும்மா கிடைத்துவிடவில்லை. மலைச்சரிவை வெட்டிச் சரித்து, மண்ணை ஓடும் நீரில் விட்டு, கனமான இரும்பு மணல் அடியில் தங்கப் பிரித்தெடுத்தார்கள். மீதி மண் முழுக்க ஆற்றுக்குப் போயிற்று. ஹீ ஆற்றின் படுகை மேடேறி, கீழ்நிலத்து உழவர்கள் வெள்ளத்தில் தவித்தார்கள். அதே மண்தான் இசுமோ சமவெளியையும் விரித்துக் கொடுத்தது. வெட்டிய சரிவுகள் பிற்பாடு நெல்வயல் படிகளாயின. இன்று சுற்றுலாப் பயணிகள் அழகு என்று படம் எடுக்கும் படிவயல்கள் பலவும் சுரங்கத் தழும்புகள்.

காடு தீர்ந்ததா? பெரிய ஆலை முதலாளிகள் மலைகளைப் பங்குபோட்டு, சுமார் 30 ஆண்டுச் சுற்றில் வெட்டி வெட்டி வளர்த்தார்கள். இல்லாவிட்டால் அவர்களுக்கே அடுத்த தலைமுறைக்குக் கரி கிடைக்காது. அந்த ஒழுங்கு ‘எதோ’ எனப்படும் காலத்துக்குரியது (1603–1868). அதற்கு முன்னால் திறந்தவெளியில் உருக்கினார்கள். கரி தீர்ந்ததும் அடுத்த மலைக்குப் பெயர்ந்துவிடுவார்கள். படம் முரோமாச்சி காலம் (14–16ஆம் நூற்றாண்டு) என்கிறது. ஆனால் எபோஷியின் பிரம்மாண்டமான கூடமும் காலால் மிதிக்கும் துருத்தியும் பிற்காலத்துச் சங்கதிகள். துருத்தியின் அந்த வகை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது.

இன்னொன்று. உண்மையான தத்தாராக்களில் பெண்கள் உலையருகே வரவே கூடாது. கொல்லர் தெய்வமான கனயாகோ பெண் தெய்வம். பெண்கள் வந்தால் பிடிக்காது என்று நம்பினார்கள். மியாசாகி துருத்தியைப் பெண்களின் காலடியில் கொண்டுவந்து வைத்தார். தெரியாமல் செய்திருக்க வாய்ப்பே இல்லை.

வளர்மதி எழுதியது:

எபோஷியை இவ்வளவு தாங்க வேண்டியதில்லை. அவள் தொழுநோயாளிகளுக்குக் கட்டுப்போட்டாள், சரி. அவர்கள் கையில் என்ன கொடுத்தாள்? துப்பாக்கி செய்யும் வேலை. அந்தத் துப்பாக்கியின் குண்டு உடலில் தங்கியதால்தான் நாகோ என்ற காட்டுப்பன்றி வெறிபிடித்து, கிழக்கே எங்கோ இருந்த எமிஷி கிராமம்வரை ஓடுகிறது. அந்தக் கிராமத்து இளைஞன், கதாநாயகன் அஷிதாக்காவின் கையில் ஏறிய சாபம் அங்கிருந்து வருகிறது. நல்ல எண்ணம் ஓர் ஊரை வாழவைக்கிறது, அதன் கழிவு இன்னோர் ஊரின் தலையில் விழுகிறது. தொழிற்சாலைகளின் கதையே இதுதானே? "வில்லன் இல்லை" என்று பாராட்டிப் பாராட்டி, குற்றமும் இல்லை என்கிற இடத்துக்கு வந்துவிடுகிறோம்.

குறிஞ்சித்தேன், உங்கள் வாதத்தில் எனக்குப் பிடிக்காத இன்னொன்று: மான்தெய்வத்தின் காட்டை மிக எளிதாக வழியனுப்பி வைக்கிறீர்கள். அந்தப் பாசி படர்ந்த காட்டை வரையத்தானே படக்குழு யாக்குஷிமா தீவுக்குப் போனது? ஊரோரக் காடு மட்டும் போதுமென்றால் அவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம். படத்தின் கடைசிக் காட்சியிலும் ஒரே ஒரு கொதாமா தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த ஒற்றைக் குட்டி ஆவியை மறந்துவிட்டீர்களா?

குறிஞ்சித்தேன் எழுதியது:

குண்டு பற்றிய உங்கள் வாசிப்பு அருமை. கொதாமா மறக்கவில்லை, அது நம்பிக்கையா, அனாதையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆனால் யாக்குஷிமாவை நீங்களே இழுத்துவிட்டீர்கள், நன்றி. 1993இல் ஷிராகாமி மலைக்காட்டோடு சேர்ந்து உலக பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற தீவு. ஆயிரமாண்டுச் செடார் மரங்கள் நிற்கும் இடம். படக்குழுவைக் கவர்ந்ததாகச் சொல்லப்படும் ஷிராத்தானிப் பள்ளத்தாக்கில் நடந்தால், பாசிக்குள் பெரிய பெரிய அடிமரக் கட்டைகளைப் பார்க்கலாம். எதோ காலத்தில் சத்சுமா பிரபுக்களுக்கு வரியாகக் கூரைப்பலகை செலுத்த வேண்டியிருந்தது. அதற்காகத் தீவு மக்கள் வெட்டிய மரங்களின் மிச்சம் அவை. பலகைக்கு ஏற்ற நேரான மரங்கள் போயின, கோணல்மாணலானவை தப்பின. வெட்டிய இடத்தில் வெயில் விழ, புதிய கன்றுகள் அந்தக் கட்டைகளின் மேலேயே முளைத்தன. உலகமே ஆதிக்காடு என்று வாய்பிளந்து பார்க்கும் அந்தப் பச்சை, கோடரி போய்விட்டு வந்த காடு.

மரநாய் எழுதியது:

எல்லோரும் மியாசாகியின் குடையின் கீழேயே நிற்கிறீர்கள். பக்கத்தில் இசாவோ தக்காஹாத்தா என்று ஒருவர் இருந்தார். ‘பொம் போக்கோ’ (1994) எடுத்தவர். அந்த ஆண்டு ஜப்பானில் அதிக வசூல் செய்த உள்நாட்டுப் படம் அது. இன்று பெயரைச் சொன்னாலே "அந்தக் கரடி மாதிரி ஏதோ வருமே" என்கிறார்கள். கரடி இல்லை ஐயா, தனுக்கி. நாய்க் குடும்பத்து விலங்கு. உருமாறும் வித்தை தெரிந்தது என்று நாட்டுப்புறக் கதைகள் சொல்லும். என் புனைபெயருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கற்பனை நாடு, கற்பனைக் காலம் என்ற சலுகையெல்லாம் இந்தப் படத்துக்குக் கிடையாது. இடம் டோக்கியோவின் மேற்கே தாமா குன்றுகள். திட்டம் தாமா புதுநகர்: 1965இல் முடிவானது, 1971இல் முதல் குடும்பங்கள் குடிவந்தன, ஏறக்குறைய 3 லட்சம் பேருக்காகத் திட்டமிட்ட அடுக்குமாடிப் பரப்பு. டோக்கியோவில் வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு இல்லை, அதனால் குன்றுகளைச் சீவினார்கள். இதிலும் பாருங்கள், நியாயம் இரு பக்கமும் இருக்கிறது.

தனுக்கிகள் என்ன செய்கின்றன? கூட்டம் போடுகின்றன, தீர்மானம் நிறைவேற்றுகின்றன, வெற்றி கிடைக்கும் முன்பே விருந்து சாப்பிடுகின்றன. கோண்டா தலைமையில் ஒரு பிரிவு லாரிகளைக் கவிழ்த்து மனிதர்களைக் கொல்கிறது. இன்னொரு பிரிவு ஷிக்கோக்குத் தீவிலிருந்து மூன்று மூத்த தனுக்கிகளை வரவழைத்து, நகரத்துத் தெருவில் பேய் ஊர்வலம் நடத்துகிறது. மனிதர்கள் பயப்படுவார்கள் என்று பார்த்தால் கைதட்டி ரசிக்கிறார்கள். மறுநாள் ஒரு கேளிக்கைப் பூங்கா முதலாளி "அது எங்கள் விளம்பரம்" என்று உரிமை கொண்டாடிவிடுகிறார். போராட்ட இயக்கம் எதிலாவது ஒரு முறையேனும் இருந்தவருக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும். அரசாங்கத்தால் ஒடுக்கப்படுவதைத் தாங்கிவிடலாம். வேடிக்கையாக்கப்படுவதைத் தாங்க முடியாது.

கடைசியில் உருமாறத் தெரிந்தவை கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு நெரிசல் ரயிலில் வேலைக்குப் போகின்றன. தெரியாதவை சாலையில் அடிபட்டுச் சாகின்றன, குப்பையைக் கிளறுகின்றன. ஒரு தனுக்கி திரையைப் பார்த்தே நம்மிடம் கேட்கிறது: நாங்களாவது மாறத் தெரிந்தவர்கள்; முயலும் மரநாயும் என்ன செய்யும்? (இப்போது என் புனைபெயருக்குச் சம்பந்தம் வந்துவிட்டது.)

அடுத்த ஆண்டே, 1995இல், இந்தப் படத்தை எடுத்த அதே கிப்லி நிறுவனம் ‘விஸ்பர் ஆஃப் த ஹார்ட்’ என்ற படத்தை வெளியிட்டது. யோஷிஃபுமி கோந்தோ இயக்கியது. கதைக்களம் அதே தாமா. குன்றைச் சீவிக் கட்டிய குடியிருப்பில் வளர்ந்த பெண்தான் நாயகி. ஓர் அமெரிக்கப் பாட்டைக் கேலியாக மாற்றி, காட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, என் சொந்த ஊர் கான்கிரீட் சாலை என்று எழுதுகிறாள். தனுக்கிகளிடமிருந்து பறித்த இடம் ஒரு குழந்தைக்குச் சொந்த ஊராகிவிட்டது. இந்த இரண்டு படங்களையும் ஒட்டவைத்துப் பார்க்காமல் ஜப்பானிய அனிமேஷனில் சுற்றுச்சூழல் என்று கட்டுரை எழுதுபவர்களை நான் நம்புவதில்லை.

பரிதி எழுதியது:

நௌசிகாவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 1984இல் வந்த படம். கிப்லி நிறுவனம் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு.

கதையின் விதைகளில் ஒன்று மினமாட்டா விரிகுடா. மியாசாகியே பேட்டியில் குறிப்பிட்டிருக்கிறார். குமமோத்தோ மாகாணத்தில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் 1968 வரை மெத்தில் பாதரசக் கழிவைக் கடலில் கொட்டியது. மீனைத் தின்ற பூனைகள் துள்ளி விழுந்து செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கை கால் நடுங்கியது, பார்வை சுருங்கியது. கருவிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள். 1956இல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. காரணம் ஆலைக்கழிவுதான் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. நச்சு மீன் வெளியே போகாதபடி 1974இல் விரிகுடாவுக்குள் வலை கட்டினார்கள். 1997இல்தான் அதை அகற்றினார்கள்.

இந்தத் துயரத்தில் மியாசாகியைப் பிடித்துக்கொண்ட செய்தி வேறு. ஆட்கள் மீன்பிடிப்பதை நிறுத்தியதும் அந்த நஞ்சுக்கடலில் மீன்கள் பெருகின என்பது. மனிதன் கைவிட்ட இடத்தில், நஞ்சை உடம்பில் வாங்கிக்கொண்டே உயிர்கள் தழைக்கின்றன. நௌசிகாவின் நச்சுக்காடு அங்கிருந்து கிளைத்தது. முகமூடி இல்லாமல் மூச்சு விட்டால் சாவு என்கிற காட்டின் அடியில், கல்லாகி உதிரும் மரங்களுக்குக் கீழே, சுத்தமான மணலும் தண்ணீரும் இருக்கின்றன. மண்ணின் நஞ்சைக் காடே உறிஞ்சி வடிகட்டுகிறது.

படத்தில் இது ஆறுதல். ஆனால் இதே கதையை மியாசாகி 1982இல் மாங்காவாக, அதாவது சித்திரக்கதையாக, வரையத் தொடங்கினார்; அது 1994வரை இடைவெளி விட்டு விட்டு வந்தது. படம் அதன் தொடக்கப் பகுதியை மட்டுமே தொட்டது. மாங்காவின் முடிவில் அந்த ஆறுதலை அவரே பிடுங்கி எறிகிறார். நச்சுக்காடு இயற்கையாக முளைத்ததே இல்லை. பழைய நாகரிகத்து விஞ்ஞானிகள் பூமியைச் சுத்தப்படுத்த வடிவமைத்த கருவி. இப்போதிருக்கும் மனிதர்களின் உடலும் நஞ்சைத் தாங்கும்படி மாற்றப்பட்டது. உலகம் முழுவதும் சுத்தமாகும் நாளில் அந்தத் தூய காற்று இவர்களைக் கொன்றுவிடும். தூய உலகத்துக்கென்று வேறு மனிதர்கள் முட்டைகளாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். நௌசிகா அவற்றை அழிக்கிறாள். தூய்மையின் பெயரால் நீட்டப்பட்ட எதிர்காலத்தை மறுத்துவிட்டு, அழுக்கான உலகத்தில் வாழும் பக்கம் நிற்கிறாள்.

படத்தை மட்டும் பார்த்து நௌசிகாவைச் சுற்றுச்சூழல் தேவதை ஆக்கியவர்கள் மாங்காவின் கடைசிப் பாகத்தைப் படித்தால் கொஞ்சம் திணறுவார்கள். குறிஞ்சித்தேனின் கட்சிக்கு இதைவிடப் பலமான சாட்சி இல்லை என்று நினைக்கிறேன்.

வளர்மதி எழுதியது:

சாட்சிகள் நன்றாகவே இருக்கின்றன. நான் கேட்பது வேறு. இவ்வளவு படமும் பார்த்து யார் எந்த மரத்தைக் காப்பாற்றினார்கள்? டோட்டோரோவால் நிச்சயம் விளைந்தது பொம்மை. பஞ்சுப் பொம்மை, பிளாஸ்டிக் பொம்மை, சாவிக்கொத்து, குடை. ‘ஸ்பிரிட்டட் அவே’யில் நதிதெய்வத்தின் வயிற்றிலிருந்து சைக்கிளும் குப்பையும் கொட்டுகிற காட்சியைப் பார்த்துவிட்டு, அந்த நதிதெய்வத்தையே பிளாஸ்டிக்கில் வாங்கி மேசையில் வைக்கிறார்கள்.

குறிஞ்சித்தேன் எழுதியது:

பொம்மைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். மரத்துக்கு வாங்குகிறேன்.

டோட்டோரோவின் பின்னணி டோக்கியோவும் சைதாமாவும் சந்திக்கும் சயாமா குன்றுகள். மியாசாகி வசிக்கும் தொக்கோரோசாவா அதன் ஓரத்தில் இருக்கிறது. மண்ணெண்ணெயும் எரிவாயுவும் ரசாயன உரமும் வந்த பிறகு அந்த ஓக் காடுகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. வேலையில்லாத காடு மனைநிலமாகும். அங்கும் இங்கும் ஒன்றே விதி. 1990இல் உள்ளூர் மக்கள் ‘டோட்டோரோவின் பிறந்தகம்’ என்ற பெயரில் நிதி திரட்டத் தொடங்கினார்கள். படத்தின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. 1991இல் முதல் துண்டுக் காட்டை விலைக்கு வாங்கினார்கள். இன்று அப்படி 50க்கும் மேற்பட்ட துண்டுகள். வாங்கிப் பூட்டி வைக்கவில்லை. புதர் அகற்றுகிறார்கள், மரத்தை முறைவைத்து வெட்டுகிறார்கள். வெட்டாவிட்டால் இந்தக் காடு மூங்கிலும் புதருமாக அடைந்து வேறொன்றாகிவிடும். காட்டைக் காக்க வெட்ட வேண்டும் என்பதை நம்மூர்ப் பசுமைப் பேச்சாளர்களிடம் சொன்னால் அடிக்க வருவார்கள்.

உலைக்களம் எழுதியது:

யானகாவாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபுக்குவோக்கா மாகாணத்தில் வாய்க்கால்களால் ஆன ஊர். 1970களில் வாய்க்கால்கள் சாக்கடையாகி நாறின; தூர்த்துவிடலாம் என்று நகராட்சியே திட்டமிட்டது. அதே நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவு அதிகாரி ஒருவர் மறுத்து, தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு மக்களைச் சேற்றில் இறக்கி வாய்க்கால்களை மீட்டார். நௌசிகாவில் வந்த பணத்தைப் போட்டு மியாசாகி தயாரிக்க, தக்காஹாத்தா அதைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார், 1987இல் வெளிவந்தது. இரண்டே முக்கால் மணிநேரம் வாய்க்கால். மதகு எப்படி வேலை செய்கிறது, நீர் எப்படி நிலத்தடிக்குப் போகிறது, ஆண்டுக்கொருமுறை நீரை வடித்து எப்படித் தூர்வாருகிறார்கள் என்று பொறுமையாகக் காட்டுவார். பணம் கரைந்துபோனதால்தான் ‘லாப்பூட்டா’வை எடுத்துச் சம்பாதிக்க வேண்டியதாயிற்று என்பார்கள். அனிமேஷன் இரசிகர்களில் பாதிப்பேருக்கு இப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. அது ஒரு குறைதான். தக்காஹாத்தாவின் ‘ஒன்லி எஸ்டர்டே’யில் தோஷியோ என்ற இளம் உழவன், கண்ணுக்குத் தெரியும் இந்தக் கிராமக் காட்சி முழுவதும் மனிதர் ஆக்கியது என்று சொல்லும் இடம் வருமே, அதற்கு யானகாவா முன்னுரை.

வளர்மதி எழுதியது:

யானகாவா எனக்குப் புதிது, ஒத்துக்கொள்கிறேன், பார்க்க வேண்டும். ஆனால் அங்கே வாய்க்கால் மீண்ட பிறகுதான் படம் வந்தது. படம் காப்பாற்றவில்லை.

பதிலுக்கு நான் ஓர் ஊரைச் சொல்கிறேன், உங்களுக்கும் பயன்படும். ஹிரோஷிமா மாகாணத்தின் தொமோனோவுரா, பழைய துறைமுகம். 2005இல் மியாசாகி அங்கே தங்கினார். ‘பொன்யோ’ (2008) அந்தக் கடலோரத்திலிருந்து வந்தது. துறைமுகத்தின் ஒரு பகுதியைத் தூர்த்துப் பாலம் கட்ட அரசு முயன்றது. ஊர் மக்கள் வழக்குப் போட்டார்கள். 2009இல் ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம், அந்தக் காட்சியழகு மக்களின் நலன் என்று சொல்லித் தூர்க்க அனுமதி வழங்குவதைத் தடுத்தது. பொன்யோவால் ஊர் பிரபலமானது உதவியிருக்கலாம். ஆனால் வழக்கை நடத்தியது படம் இல்லை, ஊர்க்காரர்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. 2005 ஐச்சி உலகக் கண்காட்சியை முதலில் கைஷோ காட்டில் நடத்தத் திட்டமிட்டார்கள், கருப்பொருளோ இயற்கை. 1999இல் அந்தக் காட்டில் ஒரு வல்லூறின் கூடு கண்டுபிடிக்கப்பட, எதிர்ப்பு வலுத்து, முக்கிய அரங்கை அருகிலிருந்த பூங்காவுக்கு மாற்றினார்கள். அந்தப் பூங்காவில்தான் டோட்டோரோ படத்து வீட்டைக் கட்டினார்கள். 2022இல் கிப்லி பூங்காவும் அங்கேயே திறந்தது. கைஷோ காடு பிழைத்தது ஒரு பறவையாலும் பிடிவாதக்காரர்களாலும். டிக்கெட் விற்பது டோட்டோரோ.

மரநாய் எழுதியது:

பேய் ஊர்வலத்தைத் தன் விளம்பரம் என்று சொன்ன பூங்கா முதலாளி எங்கேயோ சிரித்துக்கொண்டிருப்பார்.

தூறல் எழுதியது:

வளர்மதி அக்கா, பரிதி அண்ணா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். ஒரு சின்ன வருத்தம். காடு, வாய்க்கால், குன்று என்று 1990களிலேயே நிற்கிறீர்கள். என் வயதுக்காரர்கள் இந்தப் படங்களுக்குள் நுழைந்த வாசல் இயக்குநர் மக்கோத்தோ ஷின்காய். ‘வெதரிங் வித் யூ’ 2019இல் இந்தியத் திரையரங்குகளுக்கே வந்தது, இரசிகர்கள் இணையத்தில் மனு போட்டுக் கேட்டதால். பெரிய திரையில் அந்த மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2018 ஜூலையில் மேற்கு ஜப்பானில் பெய்த பெருமழையில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு இந்தப் படம். மழை நிற்காத டோக்கியோ. ஹீனா என்ற பெண் வேண்டினால் வெயில் வரும். ஆனால் அவள் பலியானால்தான் வானிலை சரியாகும். ஹோதக்கா என்ற பையன் வானத்துக்குப் போய்விட்ட அவளை மேலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறான். வானம் எப்படியோ போகட்டும் என்கிறான். மூன்று ஆண்டு ஓயாத மழையில் டோக்கியோவின் தாழ்நிலங்கள் மூழ்குகின்றன. பெரியவர்கள் கெடுத்து வைத்த வானத்துக்கு ஒரு பெண்பிள்ளையைப் பலி கேட்டால், கொடுக்க மாட்டேன் என்று சொல்ல ஒரு படமாவது வேண்டாமா?

பரிதி எழுதியது:

தம்பி, அந்தக் கோபம் நியாயமானது, படம் அழகானது. என் சங்கடம் அதன் பெரியவர்களைப் பற்றியது. வீடு மூழ்கிய பாட்டி, இந்த இடமெல்லாம் முன்பு கடலாக இருந்ததுதானே என்கிறார். கோயில் பெரியவர், மனிதன் வானிலையைக் குறித்து வைத்ததே நூறு ஆண்டாகத்தான், இதில் எது அசாதாரணம் என்கிறார். யார் எரித்த எரிபொருள், யார் விட்ட புகை என்று ஒரு வார்த்தை இல்லை. மினமாட்டாவில் குழாய் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடிந்தது. மோனோனோக்கேயில் வளர்மதி சொன்னதுபோல் குண்டின் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். ஷின்காயின் மழைக்குத் தடமே கிடையாது. தெய்வக் குற்றம்போல் பெய்கிறது.

தூறல் எழுதியது:

எங்களுக்கு அது அப்படித்தானே பெய்கிறது, அண்ணா? குழாயைக் காட்டினால் அடைக்கலாம். ஆயிரம் நாடுகளின் புகைக்கு எந்தக் குழாயை வரைவது? அந்தப் பாட்டி சொல்வது சமாதானம்தான். ஆனால் ஹோதக்கா அதை ஏற்கவில்லை. கடைசியில், நாங்கள்தான் உலகத்தை மாற்றினோம் என்று தன் பேரில் பொறுப்பை எடுத்துக்கொள்கிறான். படத்திலேயே அப்படிச் சொல்கிற ஒரே ஆள் அந்தப் பையன்தான். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பெரியவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை என்பதே எனக்குப் படமாகத் தெரிகிறது.

பரிதி எழுதியது:

இந்த வாசிப்போடு மறுபடி ஒரு முறை பார்க்கிறேன். உடன்பாடு என்று இப்போதே எழுதித் தரமாட்டேன்.

மல்லிகா எழுதியது:

வணக்கம். இந்த இழையை ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு ஆறு வயது. இவற்றில் எதை முதலில் காட்டலாம்? பொம் போக்கோவில் விலங்குகள் நிறைய வருவதால் அதையே வைக்கலாமா?

குறிஞ்சித்தேன் எழுதியது:

டோட்டோரோவில் தொடங்குங்கள், பிறகு பொன்யோ. மோனோனோக்கே கட்டாயம் வேண்டாம். முதல் அரைமணி நேரத்திலேயே கைகள் துண்டாகிப் பறக்கும். நௌசிகா பத்து வயதுக்கு மேல்.

மரநாய் எழுதியது:

பொம் போக்கோவைக் காட்டுங்கள் அம்மா, ஆனால் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆண் தனுக்கிகள் தங்கள் விதைப்பையை விரித்துக் கம்பளமாக்கும், படகாக்கும், வானத்திலிருந்து குதிக்கக் குடையாக்கும். ஜப்பானிய நாட்டுப்புற மரபில் அது சாதாரண வேடிக்கை. உங்கள் மகள் "அது என்ன?" என்று கேட்கத்தான் செய்வாள். அதற்குப் பதில் தயாராக இருந்தால் மற்றக் கேள்விகள் சுலபம். சாலையில் தனுக்கிகள் அடிபடும் இடத்தில் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.